ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டிஸ்க் தகராறு செய்ய ஆரம்பித்ததும் பதற்றத்தில் மூன்று தப்பு நடக்கும். அணைத்து அணைத்து ஆன் செய்து பார்ப்பது. ‘பார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டதும் ஆமாம் என்பது. யாரோ சொன்னார்கள் என்று விண்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிவிடுவது. உள்ளே இருக்கும் கல்யாணப் படங்களும் கடைக் கணக்கும் டிஸ்க்கின் விலையைவிடப் பெரியவை என்றால், இந்த மூன்றிலும் கை வைக்காதீர்கள். முதலில் நகல், அப்புறம்தான் ரிப்பேர்.

கையில் வேண்டியவை: பழுதானதைவிடக் கொள்ளளவு பெரிய, நல்ல நிலையில் உள்ள இன்னொரு டிஸ்க், அரை மீட்டருக்குள் உள்ள யுஎஸ்பி கேபிள், டிஸ்க்கை மதர்போர்டில் நேரடியாக இணைக்கும் சாட்டா கேபிள் ஒன்று, மல்டிமீட்டர், லினக்ஸ் ஏற்றிய பூட் பென் டிரைவ். டிஸ்க்கின் நாடி பிடித்துப் பார்க்க விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ். இரண்டும் இலவசம்.

ஹார்ட் டிஸ்க்கில் ‘டிக்... டிக்...’ என்று சீரான சத்தம்

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அடுத்த பத்தியைப் பிறகு படிக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. அதன்மேல், படிக்கவும் எழுதவும் செய்யும் ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று புரியும். தான் எந்தத் தடத்தில் நிற்கிறோம் என்று ஹெட்டுக்குத் தெரிவது, தொழிற்சாலையில் தட்டிலேயே எழுதி அனுப்பிய சர்வோ குறிகளால். அந்தக் குறியைப் படிக்க முடியாவிட்டால் ஹெட்டைத் தாங்கும் கை ஒரு வீச்சு வீசிப் பார்க்கும், ஓரத்தில் இடித்துத் திரும்பும், மறுபடி வீசும். காதில் விழும் டிக் டிக் அதுதான். ஹெட் அடிபட்டிருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் தட்டின் மேல்பூச்சு சுரண்டப்பட வாய்ப்பு உண்டு. காந்தப் பரப்பு பொடியாக உதிர்ந்துவிட்டால் எந்த ஆய்வகத்தாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

இதே சத்தம் மின்சாரம் போதாமலும் வரும், அதனால் ஒரே ஒரு முறை சோதித்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. 2.5 அங்குல யுஎஸ்பி டிஸ்க் சுற்றத் தொடங்கும் நொடியில் 5 வோல்ட்டில் ஏறக்குறைய 1 ஆம்பியர் வரை கேட்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 தர வேண்டியது 900. மெலிந்த நீளக் கேபிளில் வோல்டேஜ் வழியிலேயே இறங்கிவிடும். கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டை விட்டு, மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் குட்டைக் கேபிளால் மாட்டி 10 நொடி கேளுங்கள். சத்தம் நின்று டிஸ்க் தெரிந்தால் கோளாறு கேபிளிலோ போர்ட்டிலோதான். நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் ஹெட் போய்விட்டது. அதற்குமேல் தரவு மீட்பு ஆய்வகம்தான் வழி. தூசி வடிகட்டிய அறையில், அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து ஹெட்டை எடுத்து மாற்றிப் பொருத்துவார்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்ற பழைய வைத்தியத்தை நம்ப வேண்டாம். குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் தட்டின்மேல் வியர்க்கும். சில நானோமீட்டரில் பறக்கும் ஹெட்டுக்கு ஒரு நீர்த்துளி மலை. மூடியைத் திறந்து பார்ப்பதும் அப்படித்தான். வீட்டுக் காற்றின் ஒரு தூசி அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது.

சத்தமே இல்லை, அதிர்வும் இல்லை

விரலை டிஸ்க்கின் மேல் வைத்துப் பாருங்கள். மோட்டார் சுற்றினால் மெல்லிய நடுக்கம் தெரியும். எதுவும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம் தேட வேண்டும். இந்த அறிகுறி பார்க்கத்தான் பயங்கரம். கிளிக் சத்தத்தைவிட நம்பிக்கை அதிகம், ஏனென்றால் தட்டு தொடப்படாமல் பத்திரமாக இருக்கிறது.

3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டும். வெளிப்பெட்டியில் இருந்தால் அதன் அடாப்டரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்; 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் வர வேண்டும். சுமை இல்லாதபோது 12 காட்டிவிட்டு, மோட்டார் சுற்றும்போது கவிழும் அடாப்டர்களும் உண்டு. ஆகவே நல்ல அடாப்டர் ஒன்றை மாற்றி வைத்தும் பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று: மேசையில் கிடந்த லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரின் பின்னும் அதே துளையில் பொருந்தும். மாட்டியதும் டிஸ்க் செத்தது போல ஆகிவிடும். பெரும்பாலான டிஸ்க்குகளின் சர்க்யூட் போர்டில், பவர் இணைப்புக்குப் பக்கத்தில் 12 வோல்ட் பாதைக்கு ஒன்று, 5 வோல்ட் பாதைக்கு ஒன்று என இரண்டு காப்பு டயோடுகள் இருக்கும். டிவிஎஸ் டயோடு என்பார்கள். வோல்டேஜ் எகிறினால் அது தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு பின்னால் இருக்கும் சிப்களைக் காப்பாற்றும். மின்சாரம் இல்லாத நிலையில் அதன் இரு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டர் பூஜ்யத்துக்கு அருகில் ஓம் காட்டினால், டயோடு தன் கடமையைச் செய்திருக்கிறது என்று பொருள். அதைக் கழற்றி எடுத்துவிட்டுச் சரியான அடாப்டரை மாட்டினால் டிஸ்க் உயிர்பெறலாம். காப்பு இல்லாமல் ஓடுகிறது என்பதை மறக்காமல், நகல் எடுத்து முடித்ததும் ஓய்வு கொடுங்கள்.

சர்க்யூட் போர்டையே மாற்ற நினைப்பவர்களுக்கு: அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும் என்பது பழைய காலத்துக் கதை. ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டுக்கும் தட்டுக்கும் தனியாக அளந்து எழுதிய விவரங்கள் போர்டில் உள்ள 8 கால் ரோம் சிப் ஒன்றில் இருக்கின்றன (தற்காலிக நினைவகம் இல்லை, நிரந்தரமாக எழுதப்பட்ட வகை). பழைய போர்டிலிருந்து அந்தச் சிப்பைக் கழற்றிப் புதியதில் பற்ற வைக்க வேண்டும். அது தெரியாமல் போர்டை மாற்றினால் நல்ல ஹெட்டும் டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கும்.

வெளிப்பெட்டியைப் பிரித்து எடுத்த டிஸ்க் கணினிக்குள் மாட்டியதும் சுற்றவில்லையா? சாட்டா 3.3 விதிமுறையில், 15 பின் பவர் இணைப்பின் மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். அதில் 3.3 வோல்ட் வந்தால் ‘அணைந்திரு’ என்று டிஸ்க் எடுத்துக்கொள்ளும். பழைய பவர் சப்ளைகள் அந்தப் பின்னில் 3.3 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். டேட்டா இணைப்பை ஒட்டிய பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவது பின்னின்மேல், மின்சாரம் கடத்தாத கேப்டன் டேப்பைத் துண்டாக வெட்டி ஒட்டுங்கள். அல்லது பழைய நான்கு பின் மோலக்ஸ் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளைப் பயன்படுத்துங்கள், அதில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது.

சுற்றாமல் மெலிதாக ‘பீப் பீப்’ என்று முனகினால், பெரும்பாலும் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டு மோட்டாரைத் திரும்ப விடவில்லை. தட்டியோ உதறியோ விடுவிக்கப் பார்க்காதீர்கள். ஹெட் பிய்ந்து வரும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் கணினியே உறைகிறது

அதிகம் வருவதும், பொறுமையாகக் கையாண்டால் அதிகம் மீட்கக்கூடியதும் இதுதான்.

தட்டில் தரவு எழுதப்படும் சிறு கட்டம்தான் செக்டர். ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு செக்டரையும் படிக்கும்போது கிடைப்பது சுத்தமான 0, 1 வரிசை இல்லை. இரைச்சல் கலந்த ஓர் அலை கிடைக்கிறது. அதிலிருந்து சரியான பிட்டுகளை ஊகித்து, பிழை திருத்தும் குறியீட்டால் சரிபார்த்துத்தான் கணினிக்குத் தருகிறது. இன்று டிஸ்க்குகளிலும் எஸ்எஸ்டிகளிலும் பரவலாக உள்ள எல்டிபிசி குறியீட்டை எம்ஐடியில் ராபர்ட் காலகர் 1960களின் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டார். அக்காலக் கணினிகளுக்கு அந்தக் கணக்கு பெரும் சுமை என்பதால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. இன்று உங்கள் படங்கள் பிழையில்லாமல் திறப்பதில் அந்தக் கணக்குக்கும் பங்கு இருக்கிறது.

செக்டர் பலவீனமாகிவிட்டால் ஒரே முயற்சியில் திருத்தம் கைகூடாது. டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும், ஹெட்டை ஒரு மயிரிழை நகர்த்திப் பார்க்கும். ஒரு செக்டருக்குப் பல நொடிகள்கூட ஆகும். அதுவரை விண்டோஸ் காத்துக்கிடக்கும். நீங்கள் காண்பது உறைந்த திரை.

இப்போது, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து கச்சா மதிப்பு என்ற பத்தியைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ முதலில் பதினாறடிமான எண்ணாகக் காட்டும். அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிறையப் பேர் பயப்படுவது 1, 7 ஆகிய வரிசைகளில் உள்ள பிரம்மாண்ட எண்களைப் பார்த்து. சீகேட் டிஸ்க்குகளில் அது இயல்பு. அந்த எண்ணுக்குள் செய்த வேலைகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே கிடக்கிறது. பார்க்க வேண்டியவை வேறு.

வரிசை 5: பழுதாகி, உபரி இடத்துக்கு மாற்றப்பட்டுவிட்ட செக்டர்கள். ஓரிரண்டு இருந்து மாதக்கணக்கில் ஏறாமல் நின்றால் உடனடி ஆபத்து இல்லை. வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் கிளம்பத் தயாராகிறது.

வரிசை 197: படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிக்க முடியாத செக்டரை டிஸ்க் உடனே மாற்றிவிடாது. மாற்றினால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதால், அந்த இடத்தில் யாராவது புதிதாக எழுதும்வரை காத்திருக்கும். எழுதும்போது இடம் நன்றாக இருந்தால் எண்ணிக்கை குறையும். கெட்டுப்போயிருந்தால் உபரிக்கு மாற்றி வரிசை 5இல் சேர்க்கும். ‘முழு பார்மட் போட்டேன், 197 பூஜ்யமாகிவிட்டது’ என்று சிலர் மகிழ்வது இதனால்தான். எண் போனது, அங்கிருந்த தரவும் போனது.

வரிசை 187, 198: திருத்தவே முடியாத பிழைகள். பூஜ்யத்துக்கு மேல் எது இருந்தாலும் நகல் எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

வரிசை 199: இது தட்டைப் பற்றியதே இல்லை. கேபிளில் போகும் வழியில் தரவு சிதைந்த எண்ணிக்கை. 199 மட்டும் ஏறி, மற்றவை பூஜ்யம் என்றால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். இந்த எண் திரும்பக் குறையாது. மேற்கொண்டு ஏறாமல் நின்றால் குணமாகிவிட்டது.

197இல் எண் இருந்தால், ஃபைல்களை இழுத்துப் போட்டு நகலெடுக்காதீர்கள். விண்டோஸ் கெட்ட இடத்தில் முட்டி மோதி நின்றுவிடும். லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ இருக்கிறது. அது முதலில் நல்ல பகுதிகளை வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிக் குறித்து வைத்து, கடைசியில் அவற்றிடம் திரும்பி வரும். செய்முறை:

1. டிஸ்க் யுஎஸ்பி பெட்டியில் இருந்தால், முடிந்தால் வெளியே எடுத்து நேரடியாக சாட்டாவில் மாட்டுங்கள். பெட்டியின் சிப் பிழை வந்தால் இணைப்பையே துண்டித்துவிடும். ஆனால் சில பிராண்டு வெளி டிஸ்க்குகளில் அந்தச் சிப்தான் தரவைப் பூட்டியும் திறந்தும் தருகிறது. வேறு சிலவற்றில் யுஎஸ்பி இணைப்பு டிஸ்க்கின் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பயனில்லை.

2. லினக்ஸில் பூட் செய்து, டிஸ்க்குகளைப் பட்டியலிட்டு, வரிசை எண்ணையும் அளவையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள தாளோடு ஒப்பிட்டு எது பழையது, எது புதியது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டளையில் மூலம் முதலில், சேருமிடம் இரண்டாவது. இடம் மாறினால் வெறும் டிஸ்க்கின் வெறுமை உங்கள் தரவின்மேல் எழுதப்படும். இதை இரண்டு பேர் பார்த்துச் சரி சொன்ன பிறகு என்டர் தட்டுவது நல்லது.

3. முதல் ஓட்டத்தில் சுரண்டாதே என்னும் ‘என்’ தெரிவைச் சிறிய எழுத்தில் கொடுங்கள். மூன்றாவதாக மேப் ஃபைலின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். அது பழுதான டிஸ்க்கில் இருக்கக் கூடாது. எது படித்தாயிற்று, எது பாக்கி என்பதை அதில்தான் எழுதுகிறது. கரண்ட் போனாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

4. அது முடிந்ததும் ‘என்’ இல்லாமல், நேரடி வாசிப்புக்கான ‘டி’ தெரிவோடும் மறுமுயற்சி 3 என்றும் இரண்டாம் ஓட்டம். இன்னும் பாக்கி இருந்தால் பின்னிருந்து முன்னாக ஓட்டும் பெரிய எழுத்து ‘ஆர்’. திசை மாறும்போது மட்டும் பிடிபடும் செக்டர்கள் உண்டு.

5. டிஸ்க்குக்குப் பக்கத்தில் மேசை விசிறி வையுங்கள். வெப்பம் 50 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். நடுவில் டிக் டிக் கேட்டால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

செக்டிஸ்க் ஓட்டுவது, அழிந்த ஃபைல்களைத் தேடுவது எல்லாம் இந்த நகலின்மேல்தான். மூல டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டினால் அது படிக்க முடியாத பதிவுகளைக் குப்பை என்று முடிவு செய்து வெட்டிவிடும். ஃபைல் அமைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதே அதன் அக்கறை. உங்கள் ஃபைல்கள் பிழைப்பது அதன் பொறுப்பில் இல்லை.

ஸ்மார்ட் சுத்தமாக இருக்கிறது, எழுதும்போது மட்டும் வேகம் படுத்துவிடுகிறது

ஹார்ட் டிஸ்க் என்றால் அது எஸ்எம்ஆர் வகையா என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் பாருங்கள். கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பை அடுத்த தடம் மூடியபடி எழுதும் முறை அது. எழுதும் ஹெட் அகலம், படிக்கும் ஹெட் குறுகல் என்பதால் இது சாத்தியமாகிறது. ஆனால் நடுவிலுள்ள ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு மேலுள்ள ஓடுகளையெல்லாம் எடுத்து மறுபடி வேய வேண்டும். ஆகவே வந்ததை முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் வேகமாக வாங்கி வைத்துவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது சரியான இடத்தில் அடுக்கும். அந்தப் பகுதி நிறைந்ததும் வேகம் விநாடிக்குச் சில எம்பி வரை விழும். இது பழுது இல்லை. மின்சாரத்தோடு சும்மா விட்டுவையுங்கள், தானே அடுக்கி முடித்துத் தெளிந்துவிடும். படங்களைச் சேமித்து வைக்க இந்த வகை போதும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு அமைப்புக்கு வாங்காதீர்கள். ஒரு டிஸ்க் செத்து மறுகட்டமைப்பு நடக்கும்போது இந்தத் தாமதத்தைப் பழுது என்று எண்ணி ரெய்டு அதையும் வெளியே தள்ளிவிடக்கூடும்.

எஸ்எஸ்டியிலும் இதே கதைக்கு இன்னொரு வடிவம். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்ட ஃபிளாஷ் நினைவகத்தில், ஒரு செல்லில் சிறைப்பட்ட மின்னூட்டத்தின் அளவுதான் தரவு. செல்லுக்கு 1 பிட் என்றால் 2 நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். 3 பிட் வகைக்கு 8 நிலை, 4 பிட் வகைக்கு 16 நிலை. நிலைகள் நெருங்க நெருங்க மெதுவாக, அளந்து அளந்து ஊற்ற வேண்டியிருக்கிறது. அதனால் காலி இடத்தின் ஒரு பகுதியை 1 பிட் போலப் பயன்படுத்தி முதலில் வேகமாக வாங்கிக்கொள்கிறது. டிஸ்க் 90 சதவீதம் நிறைந்துவிட்டால் இந்த முன்கூடம் சுருங்கிவிடும். 10 முதல் 20 சதவீதம் எப்போதும் காலியாக விடுங்கள். விண்டோஸில் டிரைவ் ஆப்டிமைஸ் பகுதியில், அழித்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் வாராந்திர ட்ரிம் இயங்குகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் எஃப்எஸ்ட்ரிம் டைமர். சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி 70, 80 டிகிரிக்குப் போனால் தன்னைத்தானே மந்தமாக்கிக்கொள்ளும். மதர்போர்டோடு வந்த அலுமினியத் தகட்டை ஒட்டியிருக்கிறீர்களா, அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.

புதிய ஃபைல் வேகம், பழைய ஃபைல் மட்டும் மந்தம் என்றால் வேறு காரணம். மின்னூட்டம் காலப்போக்கில் கசிந்து நிலைகள் நகர்ந்துவிட்டன. எஸ்எஸ்டியை நடத்தும் சிப்பான கண்ட்ரோலர் அளவுகோலை மாற்றி மாற்றிப் படித்துப் பார்க்கிறது. 2014இல் சாம்சங் 840 ஈவோவில் இது பரவலாகத் தெரிந்து, அந்நிறுவனம் ஃபர்ம்வேரில், அதாவது டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருளில், திருத்தம் வெளியிட்டது. தீர்வு எளிது: பழைய ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி மீண்டும் கொண்டுவந்து எழுதினால் மின்னூட்டம் புதிதாகும்.

‘பார்மட் செய்ய வேண்டும்’ என்கிறது அல்லது ‘ரா’ என்று காட்டுகிறது

ரத்து செய்யுங்கள். ‘ரா’ என்றால் உள்ளே உள்ள ஃபைல் அமைப்பை விண்டோஸால் அடையாளம் காண முடியவில்லை என்று பொருள். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கொள்ளளவு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 1 டிபி டிஸ்க்குக்கு 931 ஜிபி காட்டினால் வன்பொருள் பேசுகிறது, பொருளடக்கம்தான் கிழிந்திருக்கிறது. (விற்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. 69 ஜிபியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.) 0 பைட் அல்லது பொருத்தமில்லாத அளவு காட்டினால் கோளாறு ஃபர்ம்வேரிலோ கண்ட்ரோலரிலோ இருக்கிறது, எந்த மென்பொருளும் உதவாது.

பெட்டியிலிருந்து பிரித்த டிஸ்க் ‘ரா’ என்று வந்தால், முதல் சந்தேகம் செக்டர் அளவின்மேல். சில பெட்டிகள் 512 பைட் செக்டர்களை 4096 பைட்டாகக் கூட்டிக் காட்டும். நேரடியாக மாட்டியதும், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையின் எண்களெல்லாம் எட்டு மடங்கு பிசகும். பழைய பெட்டியிலேயே திரும்ப வைத்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

அப்படி இல்லை என்றால், ஸ்மார்ட் சுத்தமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு நகல் எடுத்து, நகலின்மேல், தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருளை ஓட்டுங்கள். பார்ட்டிஷன் வகையைத் தேர்ந்து, பகுப்பாய்வு, விரைவுத் தேடல். கிடைத்த பார்ட்டிஷனின்மேல் நின்று ‘பி’ அழுத்தினால் உள்ளே உள்ள ஃபைல் பெயர்கள் தெரியும். தமிழ்ப் பெயர் ஃபோல்டர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அது திரையின் எழுத்துருக் குறை. பட்டியல் சரியாக இருந்தால் மட்டும் ‘எழுது’ கொடுங்கள். பார்ட்டிஷன் கிடைக்கவே இல்லை என்றால் அதோடு வரும் ஃபோட்டோரெக், ஃபைல்களின் தொடக்கக் குறிகளை வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரும். பெயரும் ஃபோல்டரும் மிஞ்சாது, படம் மிஞ்சும்.

தெரியாமல் அழித்துவிட்டோம்

ஹார்ட் டிஸ்க்கில் அழித்தல் என்பது பொருளடக்கத்தில் ஒரு வரியை அடிப்பது மட்டுமே. மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை ஃபைல் கிடக்கும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள், அதுவே மேலே எழுதிவிடும். எஸ்எஸ்டியில் ட்ரிம் இயங்கினால் அந்த இடம் காலி என்று கண்ட்ரோலருக்குச் சொல்லப்பட்டுவிடும். அடுத்த வாசிப்பில் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள் வரும். அழித்த நொடியிலேயே மின்சாரத்தைத் துண்டிப்பது ஒன்றுதான் சிறு வாய்ப்பு. பெரும்பாலும் அதுவும் தாமதம்தான்.

எஸ்எஸ்டி திடீரென பயாஸிலேயே காணவில்லை

எந்தத் தரவு எந்தச் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணையைக் கண்ட்ரோலர் வைத்திருக்கிறது. அதை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனால், அடுத்த தடவை எழுந்து அட்டவணையைச் சரிசெய்து முடிக்கும்வரை யாருக்கும் பதில் சொல்லாது. சாட்டா எஸ்எஸ்டி என்றால் டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டுப் பவர் கேபிளை மட்டும் மாட்டி 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். பிறகு 30 நொடி அணைத்து, மறுபடி அதே போல இன்னொரு தடவை. அப்புறம் டேட்டா கேபிளை மாட்டிப் பாருங்கள். திரும்ப வந்தால் முதல் வேலை நகல், இரண்டாவது ஃபர்ம்வேர் புதுப்பித்தல், மூன்றாவது ஒரு யுபிஎஸ்.

புதிதாக மாட்டிய எம்.2 எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் அநேகமாகப் பழுதே இல்லை. எம்.2 என்பது துளையின் வடிவம் மட்டும். உள்ளே சாட்டாவும் ஓடலாம், என்விஎம்இயும் ஓடலாம். துளை இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்பதாக இருக்கும், அல்லது அந்தத் துளையை நிரப்பியதும் இரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழக்கும் என்று மதர்போர்டு கையேட்டில் எழுதியிருக்கும். இன்டெல் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய லேப்டாப்பில் விண்டோஸ் நிறுவும்போது மட்டும் டிஸ்க் தெரியவில்லை என்றால், இன்டெல்லின் டிஸ்க் நிர்வாக வசதியான விஎம்டியின் டிரைவரைக் கொடுங்கள் அல்லது பயாஸில் விஎம்டியை அணையுங்கள். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கணினியில் அதை அணைத்தால் விண்டோஸ் எழாமல் போகலாம்.

சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் ஃபர்ம்வேர் அறிவிப்புகளை ஒதுக்கக் கூடாது என்பதற்கு சர்வர் தயாரிப்பாளரான எச்பிஇ (ஹியூலெட் பேக்கர்டு என்டர்பிரைஸ்) 2019 நவம்பரில் வெளியிட்ட ஓர் எச்சரிக்கையே போதும். சர்வர்களில் பயன்படும் எஸ்ஏஎஸ் வகையில் குறிப்பிட்ட எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், தரவும் திரும்பாது, உடனே ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்றது. அந்த எண் 2இன் 15ஆம் அடுக்கு. ஒன்றாக வாங்கி ஒன்றாக ஆன் செய்த ரெய்டில் எல்லா டிஸ்க்கும் ஒரே வேளையில் போகும். அங்கே ரெய்டு எதையும் காப்பாற்றாது.

பென் டிரைவ், மெமரி கார்டு

‘எழுத முடியாது’ என்றால் எஸ்டி கார்டின் ஓரத்துப் பொத்தானைப் பாருங்கள். அது கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. ரீடர்தான் அதன் இடத்தைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. பொத்தான் தொளதொளவென்று ஆகியிருந்தால் வேறு ரீடரில் போடுங்கள். பென் டிரைவ் தானாகவே வாசிப்பு மட்டும் என்று மாறியிருந்தால் அதன் உபரிச் செல்கள் தீர்ந்துவிட்டன. பூட்டைத் திறக்கும் தந்திரங்களில் நேரத்தைச் செலவிடாதீர்கள். படித்து எடுத்துக்கொண்டு தூக்கிப் போடுங்கள்.

இடம் இருந்தும் பெரிய வீடியோ ஏறவில்லையா? எஃப்ஏடி32 என்னும் பழைய ஃபைல் அமைப்பில் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள்.

மலிவாக வாங்கிய 1 டிபி பென் டிரைவில் முதலில் போட்டவை திறக்கின்றன, பிறகு போட்டவை கெட்டிருக்கின்றன என்றால், உள்ளே இருப்பது 32 ஜிபி சிப்பாக இருக்கலாம். கண்ட்ரோலரில் பொய்க் கொள்ளளவு எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. முழுவதையும் எழுதித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லும். வாங்கிய அன்றே, ஒரு ஃபைலும் போடும் முன்பே ஓட்டிவிடுங்கள். கடைக்குத் திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய டிஸ்க்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023இல் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தரைத்தள வீடுகளின் கணினிகள் நீருக்குள் நின்றன. காற்று நிரம்பிய ஹார்ட் டிஸ்க்கில் மூச்சுத்துளை ஒன்று உண்டு. சேற்று நீர் அதன் வழியே உள்ளே போயிருக்கலாம். வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், அரிசிப் பானையில் புதைக்காதீர்கள். நீர் காய்ந்தால் சேறு தட்டின்மேல் படிந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே ஜிப் பையில் போட்டு மூடி, மின்சாரம் கொடுக்காமல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். எஸ்எஸ்டிக்குத் தட்டு கிடையாது. நல்ல நீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டிப் பார்க்கலாம்.

அலமாரியில் பல ஆண்டு கிடந்த எஸ்எஸ்டி

எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையிலுள்ள சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பது, சிப்களுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் கணக்கு. அதிகம் எழுதப்படாத டிஸ்க் இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெப்பம் ஏற ஏறக் கசிவு கூடும், நம் ஊர் மாடியறை அலமாரி மே மாதத்தில் 30 டிகிரியில் நிற்பதில்லை. எடுத்து மாட்டியதும் பிழைகள் வந்தால் உடனே அணைத்துவிடாமல், மேலே சொன்ன டிடிரெஸ்க்யூ முறையில் முழுவதையும் படித்தெடுங்கள். பிழை இல்லை என்றால் ஒவ்வொரு ஃபைலையும் ஒருமுறை படிக்கச் செய்து, சில மணி நேரம் மின்சாரத்தோடு விட்டுவையுங்கள். இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய முடியாது என்றால், அந்தப் படங்களை ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் இன்னொரு பிரதியை வேறு வீட்டிலும் வையுங்கள்.